பழைய ஜிப்ஸியில் ஃபோர்வீல் விழவில்லையா? சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்

ஃபோர்வீல் (நான்கு சக்கரத்துக்கும் விசை போவது) வேலை செய்யவில்லை என்று ஒரு பழைய மாருதி ஜிப்ஸி வந்து நின்றால், பல பட்டறைகளில் முதலில் கீழே இறங்குவது விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான். பெரும்பாலும் அது வீண் வேலை. அந்தப் பெட்டிக்குள் இருப்பவை தடித்த கியர்கள். செயின் கிடையாது, மின்மோட்டார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஆயில் வற்றாமல் ஓடியிருந்தால் அவை லேசில் போகாது. போவதெல்லாம் ஓரங்களில் இருப்பவை: ஹப் (முன் சக்கரத்தை ஷாஃப்டோடு பூட்டும் பகுதி), நக்கிள் (முன் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் முட்டி), ஆயில் சீல், காற்றுத் துளை, ரப்பர் மவுண்ட். அதனால் சோதனை சக்கரத்தில் தொடங்கி உள்ளே போகவேண்டும். பெட்டியைப் பிரிப்பது கடைசி.

வண்டி எந்த ஆண்டு என்று முதலில் பாருங்கள். 1985 டிசம்பரில் 970 சிசி இன்ஜினோடு வந்தது முதல் ஜிப்ஸி. 1993-ல் இடது வலது சக்கரங்களுக்கு இடையேயான அகலம் கூடியது. 1996-ல் 1298 சிசி இன்ஜினும் ஐந்து கியரும் கொண்ட ஜிப்ஸி கிங், 2000-ல் 16 வால்வு எம்.பி.எஃப்.ஐ. (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோல் தெளிக்கும்) இன்ஜின். சென்னை புதுப்பேட்டையிலோ டெல்லி மாயாபுரியிலோ பழைய ஆக்சில் ஷாஃப்ட் வாங்கும்போது இந்த வேறுபாடு பணத்தைக் காப்பாற்றும். அகலம் குறைந்த வண்டியின் ஷாஃப்ட் அகல வண்டிக்குச் சேராது. முன் ஆக்சிலில் இடது, வலது ஷாஃப்டுகளின் நீளமும் வேறு வேறு. கழற்றிய பழைய ஷாஃப்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நீளம், பல் எண்ணிக்கை இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் வாங்கவேண்டும்.

இன்ஜினிலிருந்து வரும் விசை கியர்பாக்ஸ் வழியாக ஒரு குட்டை புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு (விசையைக் கடத்தும் சுழல் தண்டு) வருகிறது. அது தனியாகத் தொங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைச் சுற்றுகிறது. அங்கிருந்து பின்னுக்கு ஒரு ஷாஃப்ட், முன்னுக்கு ஒரு ஷாஃப்ட். சின்ன லிவரில் 2எச் (பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை), 4எச் (நான்குக்கும்), என் (நியூட்ரல்), 4எல் (நான்குக்கும், மெதுவாக, அதிக இழுவையோடு) என்று நான்கு நிலைகள். நடுவில் டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுப்பு) கிடையாது. 4எச்-ல் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாகவேண்டும். இந்த வண்டியின் ஃபோர்வீல் கோளாறுகளில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

முன்பக்கத்தைத் தூக்கிச் செய்யும் சோதனை

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். லிவர் என்-ல் இருந்தால் கியர் போட்டாலும் வண்டி நிற்காது, உருளும். ஹேண்ட்பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருக்கும் வண்டியில், பின் புரொப்பல்லரைக் கழற்றிய நொடியில் ஹேண்ட்பிரேக்கும் போய்விடும். ஆகவே கட்டை இல்லாமல் அடியில் படுக்கவே கூடாது. முன் ஆக்சிலைத் தூக்கி இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பி வேலை செய்யாதீர்கள்.

இன்ஜினை அணைத்து, முதல் கியர் போட்டு, லிவரை 4எச்-க்குக் கொண்டுவாருங்கள். இரண்டு ஹப்பையும் லாக் பக்கம் திருப்புங்கள். இப்போது முன் புரொப்பல்லர் அசையாமல் பூட்டப்பட்டிருக்கிறது. இடது சக்கரத்தைக் கையால் முன்னோக்கிச் சுற்றுங்கள்.

வலது சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் ஹப், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் மூன்றும் இணைந்தே இருக்கின்றன என்று பொருள். ஃபோர்வீல் உண்மையில் வேலை செய்கிறது. டாஷ்போர்டில் விளக்கு எரியாததைப் பார்த்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள ஸ்விட்சையும் அதன் வயரையும் பாருங்கள். ஸ்விட்சிலிருந்து வயரின் இரு முனைகளையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்தால் விளக்கு எரிகிறதா? எரிந்தால் ஸ்விட்ச் போயிருக்கிறது. அதோடு வேலை முடிந்தது.

சக்கரத்தைச் சுற்றும்போது முன் புரொப்பல்லரும் கூடவே சுற்றினால் கோளாறு டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம். லிவர் நகர்ந்தாலும் உள்ளே கியரைத் தள்ளும் ஃபோர்க் நகரவில்லை.

புரொப்பல்லர் அசையவில்லை, இடது சக்கரம் சும்மா சுற்றுகிறது, வலது சக்கரம் அப்படியே நிற்கிறது என்றால் ஏதோ ஒரு பக்கத்து ஹப் பிடிக்கவில்லை, அல்லது ஷாஃப்ட் ஜாயின்ட் முறிந்திருக்கிறது. எந்தப் பக்கம் என்று அறிய ஊகிக்கத் தேவையில்லை. இரண்டு ஹப்பின் மூடியையும் கழற்றினால் ஷாஃப்டின் முனை கண்ணுக்குத் தெரியும். உட்பகுதியைக் கையால் லாக் நிலையில் நிறுத்திக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். சக்கரம் சுற்றி ஷாஃப்ட் முனை நின்றால் அந்த ஹப்தான் குற்றவாளி. இரண்டும் சேர்ந்தே சுற்றுகின்றன, ஆனாலும் எதிர்ப் பக்கத்து ஷாஃப்ட் முனை அசையவில்லை என்றால் கோளாறு உள்ளே, ஜாயின்டிலோ ஷாஃப்டிலோ.

ஹப்

எல்லா ஜிப்ஸியிலும் கையால் பூட்டி விடுவிக்கும் ஃப்ரீ வீல் ஹப் இருக்காது. நிரந்தரமாகப் பூட்டிய ஃபிளாஞ்ச் உள்ள வண்டிகளும் நிறைய. அவற்றில் 2எச்-ல் ஓடும்போதும் முன் ஷாஃப்டுகள் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஜாயின்ட், சீல் எல்லாம் சீக்கிரம் தேயும். அத்தகைய வண்டிக்கு இந்தப் பகுதி தேவையில்லை, நேராக நக்கிளுக்குப் போகலாம்.

ஹப் மூடியில் ஆறு சின்ன போல்ட். கழற்றியதும் உள்ளே என்ன இருக்கிறது என்று துடைக்காமல் பாருங்கள். நல்ல ஹப்பில் மெல்லிய கிரீஸ் படலம் பளபளக்கும். கோளாறான ஹப்பில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: தண்ணீர் புகுந்து துருவேறிய ஸ்பிரிங், அல்லது யாரோ வீல் பேரிங் கிரீஸைக் கை நிறைய அள்ளி அடைத்து வைத்தது. இரண்டாவதுதான் அதிகம். கிரீஸ் இறுகியதும் கிளட்ச் வளையத்தைத் தள்ளும் வலு ஸ்பிரிங்குக்கு இருக்காது. குமிழ் லாக் பக்கம் திரும்பும், ஆனால் வளையம் பாதியில் நிற்கும். அப்படி நுனிப் பல்லில் பிடித்தபடி சேற்றில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பல் முனைகள் சிதறிவிடும்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிடுங்கள். வளையத்தின் பல் முனைகள் கூர்மையாக இருக்கின்றனவா, உருண்டு போயிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். உருண்டிருந்தால் ஹப்பை மாற்றியே ஆகவேண்டும். அரம் போட்டுச் சரிசெய்தது நிற்காது. பல் நன்றாக இருந்தால் லித்தியம் கிரீஸை விரல் நுனியில் தொட்டுப் பூசினால் போதும். மாட்டும்போது குமிழை ஃப்ரீ நிலையில் வைத்து, உள்ளே உள்ள நாக்குகள் ஹப் உடலின் காடிகளில் உட்காருமாறு மூடியை வையுங்கள். தானாக உட்காரவேண்டும். போல்ட்டை இறுக்கி உட்காரவைக்க முயன்றால் நாக்கு உடையும். மூடியின் சின்ன போல்ட்டுகளுக்கு 8 முதல் 12 நியூட்டன் மீட்டர், ஹப் உடலைப் பிடிக்கும் பெரிய போல்ட்டுகளுக்கு 20 முதல் 30 நியூட்டன் மீட்டர். பழைய கேஸ்கெட்டையே மறுபடி போடாதீர்கள். தண்ணீர் புகும் வழி அதுதான்.

ஹப் நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கும் ஒரு பழக்கம் தேவை. மாதம் ஒரு முறையாவது இரண்டு ஹப்பையும் லாக் செய்து, லிவரை 2எச்-லேயே வைத்து, சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். தார்ச்சாலையிலும் இதைச் செய்யலாம், கெடுதல் இல்லை. ஹப் ஃப்ரீயாகவே கிடந்தால் முன் ஆக்சிலின் கியர்கள் சுற்றாது, ஆயில் மேலே ஏறாது, மேல்பக்கத்து பேரிங்கில் துரு பிடிக்கும்.

நக்கிள்: உண்மையான வேலை இங்கேதான்

முன் சக்கரத்தின் பின்னால் எட்டிப் பாருங்கள். பந்து போல உருண்ட ஆக்சில் முனையும் அதைச் சுற்றி மேலும் கீழும் கிங்பின் என்ற திருப்பு முளைகளில் தொங்கும் நக்கிளும் தெரியும். அந்த உருண்டையின் மேல் கறுப்பாக, நீர்த்த களிம்பு வழிந்திருந்தால் உள்ளே இருக்கும் ஆக்சில் சீல் போய்விட்டது. டிஃபரன்ஷியல் ஆயில் ஷாஃப்ட் வழியாக நக்கிளுக்குள் வந்து, ஜாயின்டில் இருக்கும் கிரீஸைக் கரைத்து, உருண்டையை வெளியிலிருந்து மூடும் துடைப்புச் சீல் வழியாக வெளியேறுகிறது. வெளிச் சீலை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பினால் ஒரு மாதத்தில் திரும்பவும் வழியும்.

நக்கிளைத் திறக்கும் முன் கிங்பின் நிலையைச் சோதியுங்கள். சக்கரம் தரையை விட்டுத் தூக்கிய நிலையில் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். பிரேக் பிடித்தும் ஆட்டம் இருந்தால் கிங்பின் பேரிங். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் குழியில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் பதறிப் படபடக்கும் ஜிப்ஸிகளில் பெரும்பாலும் காரணம் இந்தக் கிங்பின் தளர்வுதான். அதிர்வை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பரைப் புதிதாக மாற்றினால் சில மாதம் அடங்கும், பிறகு திரும்ப வரும்.

ஒரு பக்கத்துக்கு வாங்கவேண்டியவை: உள் ஆக்சில் சீல் 1, நக்கிள் துடைப்புச் சீல் செட் 1 (கம்பளி வளையம், ரப்பர், தகடு), கிங்பின் பேரிங் 2, உள் வெளி வீல் பேரிங் 2, ஹப் சீல் 1, வீல் பேரிங் நட்டுக்கான லாக் வாஷர் 1, ஹப் கேஸ்கெட் 1. கிங்பின் ஷிம் (பின்னுக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு) 0.1 மி.மீ., 0.5 மி.மீ. இரண்டிலும் சில வாங்கி வையுங்கள். மாலிப்டினம் கலந்த லித்தியம் கிரீஸ் ஜாயின்டுக்கு. சாதாரண வீல் பேரிங் கிரீஸ் பேரிங்குக்கு. ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் அதே வயது, அதே கதி. இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்வதுதான் புத்திசாலித்தனம்.

முன் டிஃபரன்ஷியல் ஆயிலை முதலில் வடித்துவிடுங்கள். ஷாஃப்டை இழுத்தால் அது எப்படியும் கொட்டும். சக்கரம், காலிப்பர், ஹப் உடல், ஷாஃப்ட் முனையின் சர்க்ளிப் என்று வரிசையாகக் கழற்றுங்கள். காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். வீல் பேரிங் நட்டை உளியும் சுத்தியலும் வைத்துச் சுற்றுவது இங்கே பரவலான வழக்கம். இரண்டாவது தடவை அந்த நட்டில் எதுவும் பிடிக்காது. அதற்கான பாக்ஸ் ஸ்பேனரை வாங்கிவிடுங்கள், விலை அதிகமில்லை.

ஹப் சுற்றும் அச்சான ஸ்பிண்டிலைக் கழற்றியதும் ஷாஃப்ட் ஜாயின்டோடு வெளியே வரும். அதை ஆக்சில் குழாயின் அடியில் உரசாமல் நடுவில் தூக்கிப் பிடித்து இழுங்கள். உள்ளே போடும்போது இது இன்னும் முக்கியம். புதுச் சீலின் உதட்டில் ஷாஃப்டின் பல் ஒரு கோடு கிழித்தால் போதும், மொத்த வேலையும் மறுபடி செய்யவேண்டும். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டை நகத்தால் நெடுக்கக் கீறிப் பாருங்கள். நகம் ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறினால் புதுச் சீலும் அங்கே நிற்காது. குழாய்க்குள் இடம் இருந்தால் புதுச் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின்னாக உட்காரவைத்து உதடு தேயாத இடத்தில் படுமாறு செய்யலாம். இல்லையென்றால் ஷாஃப்டை மாற்றவேண்டும்.

ஸ்பிண்டிலுக்குள் ஒரு வெண்கல புஷ் இருக்கும். ஷாஃப்டை அதில் நுழைத்து ஆட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. பலர் பார்க்காமல் விடும் இடம் இது. ஷாஃப்ட் மையத்தில் நிற்காவிட்டால் உள் சீல் ஒரு பக்கமாகத் தேயும். சீலைத் திட்டிப் பயனில்லை.

ஜாயின்டைக் கழுவி, வளைத்து, உருண்டைகள் ஓடும் தடத்தைப் பாருங்கள். தடம் பளபளப்பாக இருப்பது இயல்பு. குழி விழுந்திருந்தாலோ கூண்டில் வெடிப்பு இருந்தாலோ மாற்றுங்கள். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி 4எச்-ல் நகரும்போது டக் டக் என்று கேட்பது இதன் அடையாளம். கிரீஸைத் தடங்களுக்குள் விரலால் அழுத்தி நிரப்புங்கள். நக்கிள் உட்புறம் முழுவதையும் அடைக்கவேண்டாம். சூடேறும்போது விரிந்து சீலைத் தள்ளும்.

இனி கிங்பின். மேல், கீழ் என்று ஒவ்வொன்றும் நான்கு போல்ட்டில் நிற்கும். கழற்றும்போது எந்தப் பின்னுக்கு அடியில் எத்தனை ஷிம் இருந்தது என்று அந்தப் பின்னோடு கட்டி வையுங்கள். இங்கே ஒன்றை நினைவில் வையுங்கள்: துடைப்புச் சீலின் தகடு, ரப்பர், கம்பளி மூன்றையும் நக்கிளை மாட்டும் முன்பே உருண்டைக்குப் பின்னால் ஆக்சில் குழாயில் கோர்த்து வைத்துவிடவேண்டும். மறந்துவிட்டுக் கடைசியில் ரப்பரை வெட்டிச் சுற்றி மாட்டிய வண்டிகள் ஏராளம். அந்த வெட்டு வழியாகத்தான் அடுத்த மழையில் தண்ணீர் போகும். உருண்டையின் மேல் துருப் புள்ளி இருந்தால் 400-ஆம் நம்பர் எமரித் தாளில் ஆயில் தொட்டுத் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

புதுப் பேரிங் கிண்ணங்களை நேராக உட்காரவைத்து, பேரிங்கில் கிரீஸ் நிரப்பி, நக்கிளை மாட்டிப் பின்களை இறுக்குங்கள், 20 முதல் 30 நியூட்டன் மீட்டர். துடைப்புச் சீல் இன்னும் போல்ட் போடப்படக்கூடாது, ஷாஃப்டும் உள்ளே இருக்கக்கூடாது, டை ராட் கழன்றிருக்கவேண்டும். டை ராட் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு, நக்கிள் கைக்குச் செங்குத்தாக இழுங்கள். நக்கிள் நகரத் தொடங்கும் கணத்தில் தராசு 1.0 முதல் 1.8 கிலோ காட்டவேண்டும். குறைவாக இருந்தால் மெல்லிய ஷிம் ஒன்றை எடுங்கள். அதிகமாக இருந்தால் ஒன்றைச் சேருங்கள். காய்கறிக் கடையில் பயன்படும் சின்ன ஸ்பிரிங் தராசே போதும், ஆனால் அளக்காமல் கை உணர்வுக்கு விட்டுவிடாதீர்கள். தளர்ந்தால் ஸ்டீயரிங் படபடக்கும். அளவுக்கு மேல் இறுகினால் வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது.

வீல் பேரிங்கை இறுக்குவதிலும் ஒழுங்கு உண்டு. ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை 80 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி பேரிங்கை உட்காரவைத்து, முழுக்கத் தளர்த்தி, பிறகு 10 முதல் 15 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். லாக் வாஷர், அதன்மேல் வெளி நட் 60 முதல் 90 நியூட்டன் மீட்டர், வாஷரின் காதை மடக்குங்கள். வெளி நட்டை இறுக்கியபின் ஹப் கனமாகச் சுற்றினால் உள் நட்டும் சேர்ந்து நகர்ந்திருக்கிறது; மறுபடி செய்யுங்கள்.

காற்றுத் துளையும் ஆயிலும்

இவ்வளவு வேலை செய்தும் சீல் மறுபடி ஒழுகினால், ஆக்சில் குழாயின் மேல் இருக்கும் சின்னக் காற்றுத் துளை மூடியைப் பாருங்கள். சேறு காய்ந்து அடைத்திருக்கும். ஓடும்போது ஆக்சில் சூடாகி உள்ளே காற்று விரியும். துளை அடைத்திருந்தால் அது சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கினால் எதிர்மாறாக உள்காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மூடியைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஓடை கடக்கும் வண்டிக்கு அதை எடுத்துவிட்டு, ஆயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் மாட்டி இன்ஜின் அறையின் மேல்பக்கம் வரை கொண்டுபோய்க் கட்டுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் மிகப் பெரிது.

ஆயில் அளவுகள்: டிரான்ஸ்ஃபர் கேஸ் 0.8 லிட்டர், முன் டிஃபரன்ஷியல் 2.0 லிட்டர், பின் டிஃபரன்ஷியல் 1.5 லிட்டர். எல்லாவற்றிலும் வண்டி சமதளத்தில் நிற்க, நிரப்பும் துளையின் விளிம்பில் ஆயில் வழியும்வரை ஊற்றுவதே சரியான அளவு. டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.-5 வகை 80டபிள்யூ-90 ஹைப்பாய்டு ஆயில். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் ஜி.எல்.-4. ஜி.எல்.-5-ல் உள்ள சில சேர்க்கைகள் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும் என்பதால் ஒரே கேனை எல்லாவற்றுக்கும் ஊற்றாதீர்கள். வடிக்கும் முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது கழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

வடித்த ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர். டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு இருப்பது இயல்பு. விரலில் குத்தும் செதில் இருந்தால் மட்டும் உள்ளே திறக்கவேண்டும்.

டிரான்ஸ்ஃபர் கேஸ்

4எல்-ல் ஏற்றத்தில் இழுக்கும்போது லிவர் தானாகக் குதித்து வெளியே வருகிறது என்றால் கியர் போய்விட்டதாகப் பயப்படவேண்டாம். கேஸ் மூன்று ரப்பர் மவுண்டில் தொங்குகிறது. ரப்பர் பிய்ந்தால் விசை ஏறும்போது பெட்டி முழுவதும் திருகும்; லிவர் தரை ஓட்டையின் ஓரத்தில் இடித்து வெளியே தள்ளப்படும். ஒருவர் கிளட்சை மெதுவாக விட்டுப் பிரேக்கில் பிடிக்க, இன்னொருவர் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் நின்று டார்ச் அடித்துப் பெட்டியைப் பார்த்தால் எவ்வளவு திருகுகிறது என்று தெரிந்துவிடும். மூன்று மவுண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

மவுண்ட் நன்றாக இருந்தும் குதித்தால், லிவரின் அடிமுனையில் உள்ள புஷ் தேய்ந்திருக்கலாம். லிவர் முழுதாகப் போவதுபோல் தோன்றும், ஃபோர்க் முக்கால் வழிதான் போகும். அதற்கு அடுத்து, ஃபோர்க் தண்டை நிலையில் நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும். கேஸின் வெளியிலிருந்தே போல்ட்டைக் கழற்றி எடுக்கலாம். ஸ்பிரிங் குட்டையாகியிருந்தாலோ குண்டில் துரு இருந்தாலோ மாற்றுங்கள். இவை எதற்கும் பெட்டியை இறக்கத் தேவையில்லை.

இறக்கியே தீரவேண்டிய நிலை மூன்று: வடித்த ஆயிலில் உலோகச் செதில், நியூட்ரலில் அடங்கி ஓட்டத்தில் ஏறும் பேரிங் முனகல், 4எல்-ல் மட்டும் கரகரப்பு. மூன்று புரொப்பல்லர் ஃபிளாஞ்சுகளிலும் பெயிண்டால் குறி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். ஸ்பீடாமீட்டர் கேபிளும் இந்தப் பெட்டியிலிருந்துதான் போகிறது. அதையும் ஸ்விட்ச் வயரையும் விடுவித்துவிட்டு, லிவரை எடுத்து, மவுண்ட்டுகளைக் கழற்றி இருவர் சேர்ந்து இறக்குங்கள். பிரித்தால் எல்லா பேரிங்கையும் சீலையும் நடு ஷாஃப்டின் ஓ-ரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அந்த ஓ-ரிங்கை விட்டுவிட்டுச் சீல்களை மட்டும் மாற்றினால் ஒழுகல் நிற்காது.

புரொப்பல்லரை மாட்டும்போது சறுக்குப் பகுதியைப் பிரித்திருந்தால் இரு முனைக் கிராஸ் ஜாயின்ட் காதுகளும் ஒரே தளத்தில் இருக்கவேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலும் வேகத்தில் வண்டி அதிரும். அந்த அதிர்வை டிரான்ஸ்ஃபர் கேஸ் கோளாறு என்று நினைத்து மறுபடி இறக்குவார்கள்.

டயரும் கிரவுன் விகிதமும்

ஜிப்ஸி கிங்கின் டயர் 205/70 ஆர்15, விட்டம் சுமார் 668 மி.மீ. இரண்டு சக்கரத்துக்கு மட்டும் 215/75 ஆர்15 போட்டால் அவற்றின் விட்டம் 703 மி.மீ. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 செ.மீ. வித்தியாசம். 4எச்-ல் அந்த வித்தியாசம் போக இடமில்லாமல் கியரிலும் கிராஸ் ஜாயின்டிலும் முறுக்காக ஏறிக்கொண்டே போகும். நான்கும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்கவேண்டும்.

ஆக்சில் மாற்றிய வண்டியென்றால் முன் பின் கிரவுன் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்றப் புரொப்பல்லர் சுற்றும் எண்ணிக்கை) ஒன்றா என்று கட்டாயம் பாருங்கள். அந்த ஆக்சிலின் இரு சக்கரங்களையும் தூக்கி, லிவரை என்-ல் வைத்து, ஒரு சக்கரத்தை இன்னொருவர் பிடிக்க, மற்றதைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். புரொப்பல்லர் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். சுண்ணாம்புக்கட்டியில் குறி போட்டு எண்ணுங்கள். பின் ஆக்சிலைத் தூக்கும்போது முன் சக்கரங்களுக்குக் கட்டை கட்டாயம். இரண்டு ஆக்சிலிலும் ஒரே எண் வரவில்லை என்றால் அந்த வண்டியில் ஃபோர்வீல் போடவே கூடாது.

தார்ச்சாலையில் 4எச் போட்டு ஓட்டி, பிறகு லிவர் 2எச்-க்கு வராமல் இறுகிக்கொண்டால் அது இந்த முறுக்குதான். சுத்தியலால் தட்டாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்துச் சில மீட்டர் பின்னால் எடுங்கள், வந்துவிடும். வரவில்லையென்றால் ஒரு முன் சக்கரத்தைத் தூக்குங்கள். முறுக்கு அவிழும்போது சக்கரம் சட்டென்று சுற்றும், கையை விலக்கி வையுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

மண் தரையிலோ சரளையிலோதான் சோதிக்கவேண்டும். வண்டி நின்றிருக்க ஹப்பை லாக் செய்யுங்கள். 4எச்-ஐ நேராக ஓடும்போதும் போடலாம். 4எல்-க்கு வண்டி முழுக்க நின்று கிளட்ச் மிதித்திருக்கவேண்டும். 4எல் முதல் கியரில் இரு பக்கமும் முழு ஸ்டீயரிங்கில் ஒரு வட்டம் போட்டு டக் டக் கேட்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஏற்றத்தில் இழுத்து, அதே ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறக்குங்கள். லிவர் இரண்டிலும் நிற்கவேண்டும். இறங்கியதும் நான்கு சக்கரங்களின் ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாத சூடாக இருந்தால் பேரிங் அதிகம் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் பிடித்தபடி இருக்கிறது.

500 கிலோமீட்டர் ஓடிய பின் கிங்பின் போல்ட், ஹப் உடல் போல்ட், புரொப்பல்லர் ஃபிளாஞ்ச் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி டார்க் ஸ்பேனரில் பாருங்கள். புதுப் பேரிங் உட்கார்ந்ததில் கிங்பின் இறுக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும். டை ராடைக் கழற்றி மறுபடி தராசு பிடித்தால், உராயும் சீலும் ஷாஃப்டும் சேர்ந்திருப்பதால் எண் 1.8-ஐத் தாண்டியே காட்டும். அதைப் பார்த்து ஷிம் சேர்க்காதீர்கள். சக்கரத்தைத் தூக்கி, பிரேக் பிடித்து, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து ஆட்டம் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம்.